துபாய்க் கோடையில் பிள்ளைகளை எந்த மாலுக்கு அழைத்துப் போகலாம்?

ஜூன் பிறந்துவிட்டால் துபாய்ப் பூங்காக்களின் சறுக்குமரத்தில் பகல் நேரத்தில் கை வைக்க முடியாது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் யாரையும் வேலை வாங்கக்கூடாது என்று அரசாங்கமே தடை விதித்திருக்கிறது. அந்த வெயில் மாதங்களில்தான் பள்ளிகளுக்கும் நீண்ட விடுமுறை. ஊருக்குப் போகிறவர்கள் போய்விடுகிறார்கள். விடுப்பு கிடைக்காமலோ விமானக் கட்டணத்தைப் பார்த்து மலைத்தோ இங்கேயே தங்கிவிடும் குடும்பங்களுக்குச் சனிக்கிழமை காலை பத்து மணி என்பது ஒரு பெரிய கேள்வி. எங்கள் கராமா வீட்டில் ஒன்பது வயது மகளும் நான்கு வயது மகனும் அதற்குள் மெத்தைகளைத் தரையில் இறக்கி, ஒரு சண்டையை முடித்து, அடுத்ததற்குத் தயாராகியிருப்பார்கள்.

மாலுக்குப் போவது பிள்ளைகளுக்கு வாங்கும் ஆசையைத்தான் வளர்க்கும் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுடைய கவலை நியாயமானது. ஆனால் எங்கள் சிறுவயதில் தெருவும் திண்ணையும் கோயில் பிராகாரமும் செய்த வேலையை இந்த மூன்று மாதங்களுக்கு இங்கே வேறு எந்த இடம் செய்யும்? கால் வலிக்க நடக்கவும், அந்நிய முகங்களைப் பார்க்கவும், வரிசையில் பொறுமையாக நிற்கவும் பிள்ளைகளுக்கு ஓர் இடம் வேண்டும். 2025 ஆகஸ்டில் நகரமே இதை ஏற்றுக்கொண்டதைப் போல, ‘துபாய் மாலத்தான்’ என்ற பெயரில் காலை 7 முதல் 10 மணி வரை பல மால்களை நடைப்பயிற்சிக்காகத் திறந்துவிட்டார்கள். கடைகள் மூடியிருக்க, அகலமான நடைபாதையில் தாத்தாக்களும் பேரக்குழந்தைகளும் நடந்த அந்தக் காலை வேளைகளில், மால்களைப் பற்றி எனக்கிருந்த கருத்து மாறியது.

அதனால் நான் மால்களை எடைபோடும் விதம் வேறு. எத்தனை கடைகள் இருக்கின்றன என்பதை நான் பார்ப்பதில்லை. டிக்கெட் வாங்காமல் பிள்ளைகள் எவ்வளவு நேரம் ஆர்வமாக இருந்தார்கள்? எவ்வளவு தூரம் தங்கள் காலால் நடந்தார்கள்? திரும்பி வரும் ரயிலில் எதைப் பற்றிப் பேசினார்கள்? இந்த மூன்றும்தான் என் கணக்கு. ஏழு ஆண்டுகளாக இந்த ஊரில் இருக்கிறோம். நாங்கள் மாறி மாறிப் போகும் இடங்கள் நான்கு: துபாய் மால், மால் ஆஃப் தி எமிரேட்ஸ், இபின் பதூதா மால், பிறகு வீட்டுச் சாமான் வாங்கப் போகும் தேரா சிட்டி சென்டர்.

ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் கேட்பது துபாய் மாலைத்தான். 2008 நவம்பரில் திறந்த அந்த மாலில் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட கடைகள். பிள்ளைகளுக்கு அதில் முக்கியமானது ஒன்றே ஒன்று, அந்த மீன் தொட்டி. ஒரு கோடி லிட்டர் தண்ணீர், ஏறத்தாழ 33 மீட்டர் அகலமும் 8 மீட்டர் உயரமும் கொண்ட ஒற்றைக் கண்ணாடிச் சுவர், அதற்கு அப்பால் சுறாக்களும் திருக்கை மீன்களும். உள்ளே சுரங்கப்பாதையில் நடக்கத்தான் டிக்கெட். வெளியே நின்று பார்க்கக் காசு கிடையாது. என் மகன் இரண்டு வயதில் அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு இருபது நிமிடம் அசையாமல் நின்றான். வீட்டில் இரண்டு நிமிடம்கூட ஓரிடத்தில் நிற்காதவன். அந்த இருபது நிமிடத்துக்காகவே நான் துபாய் மாலுக்கு எப்போதும் நன்றி சொல்வேன். மாலுக்குள் இருக்கும் நீர்வீழ்ச்சியில் தலைகீழாகப் பாயும் மனிதச் சிலைகளும் அவர்களுக்குப் பிடிக்கும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குக் கிட்ஸானியா இருக்கிறது. தீயணைப்பு வீரராகவோ மருத்துவராகவோ வேலை செய்து, அந்தக் குட்டி நகரத்தின் பணத்தைச் சம்பாதித்து, அங்கேயே செலவழிக்கலாம். மகள் அதில் முதல் ‘சம்பளம்’ வாங்கியதும் பாதியைத் தம்பிக்கு எடுத்து வைத்தாள். டிக்கெட் விலை அதிகம்தான். பிறந்தநாள் போன்ற ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் வாரா வாரம் போக ஏற்ற இடம் துபாய் மால் என்று என்னால் சொல்ல முடியாது. அதன் அளவே அதற்குப் பகை. மெட்ரோ நிலையத்திலிருந்து மாலுக்குள் நுழைய மட்டும் சுமார் 820 மீட்டர் நீளமுள்ள குளிரூட்டிய நடைபாலம். நடுநடுவே நகரும் பாதை உண்டு என்றாலும், வெளியே வரும்போது தூங்கி விழும் நான்கு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த 820 மீட்டரைக் கடந்தவர்களுக்குத்தான் அதன் நீளம் தெரியும். காரில் போகிறவர்களுக்கும் 2024 ஜூலை முதல் அங்கே முக்கிய வாகன நிறுத்தங்களில் கட்டணம் வந்துவிட்டது. வார நாட்களில் முதல் நான்கு மணி நேரமும் வார இறுதியில் முதல் ஆறு மணி நேரமும் இலவசம் என்பதால் குடும்பத்தோடு போகிறவர்களை அது பெரிதாகப் பாதிக்காது. காரை எந்தத் தளத்தில் விட்டோம் என்பதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதி மாலையில் அங்கே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போவது, தேர்த் திருவிழாவில் நடப்பதைப் போலத்தான். பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் பெரியவர்களின் இடுப்பும் கைப்பைகளும்.

மால் ஆஃப் தி எமிரேட்ஸைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அதன் பெருமை முழுவதும் பனிதான். 2005இல் திறந்த ஸ்கீ துபாய் என்ற உள்ளரங்கப் பனிச்சறுக்கு இடத்தில் 22,500 சதுர மீட்டர் இடத்தை ஆண்டு முழுவதும் பூஜ்யத்துக்குக் கீழே குளிர வைத்திருக்கிறார்கள். வெளியே நாற்பத்தைந்து டிகிரி, உள்ளே பென்குவின். மெட்ரோ நிலையத்திலிருந்து நேராக மாலுக்குள் நுழைந்துவிடலாம் என்பது சிறுபிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்குப் பெரிய வசதி. உள்ளே போக டிக்கெட் வாங்கினால் குளிருக்கான மேலுடையும் காலணியும் தந்துவிடுவார்கள். கையுறையையும் தடித்த காலுறையையும் வீட்டிலிருந்தே எடுத்துப் போவது நல்லது. டிக்கெட் வாங்க மனமில்லாத நாட்களில் மாலின் உள்ளிருந்தே பெரிய கண்ணாடி வழியாகப் பனிச்சரிவைப் பார்க்கலாம். ஆனால் இங்கேதான் சிக்கல். மீன் தொட்டியை வெளியிலிருந்து பார்த்துத் திருப்தியடையும் பிள்ளை, பனியை வெளியிலிருந்து பார்த்துத் திருப்தியடைவதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன் வயதுப் பிள்ளை பனி உருண்டை உருட்டுவதைப் பார்த்த மறுகணம், “நாம் எப்போது உள்ளே போவோம்?” என்ற கேள்வி வந்துவிடும். அதற்கு “இன்றைக்கு இல்லை” என்று பதில் சொல்லி அழைத்து வருவது பிள்ளைக்கும் வேதனை, நமக்கும் வேதனை. உள்ளே போவது என்று வீட்டிலேயே தீர்மானித்த நாளில் மட்டும் அங்கே போகிறோம். ஆண்டுக்கு ஒருமுறை, ஆகஸ்டின் நடுவில், வெயில் எல்லாரையும் எரிச்சலாக்கும் வாரத்தில்.

இபின் பதூதா மாலுக்கு நான் கொஞ்சம் அதிக இடம் ஒதுக்கப்போகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அது நகரத்தின் தெற்கு மூலையில், ஜபல் அலி பக்கம் இருக்கிறது. கராமாவிலிருந்து மெட்ரோவில் நீண்ட பயணம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சிவப்புப் பாதையில் எக்ஸ்போ செல்லும் ரயில் ஜபல் அலி நிலையத்துக்குப் பிறகு வேறு பக்கம் திரும்பிவிடும். அதில் ஏறியிருந்தால் ஜபல் அலியில் இறங்கி ரயில் மாற வேண்டும். தூரம் என்று பலர் ஒதுக்கிவிடும் அந்த மால் 2005இல் திறந்தது. ஆறு மண்டபங்களாக, ஒன்றையடுத்து ஒன்றாக, நீண்டு கிடக்கும் ஒரே கட்டடம். அந்தலூசியா, துனிசியா, எகிப்து, பாரசீகம், இந்தியா, சீனா. ஒவ்வொன்றும் இபின் பதூதா என்ற பயணி கால் பதித்த நாடு. துனிசிய மண்டபத்தில் கூரை முழுவதும் வானம் தீட்டியிருக்கிறார்கள். எகிப்தில் பெரிய பெரிய தூண்கள். பாரசீகத்தில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் அளவுக்கு நீல ஓட்டு வேலைப்பாடு செய்த குவிமாடம். சீனத்தில் ஆளுயரத்தைப் பல மடங்கு மிஞ்சும் பாய்மரக் கப்பல். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். என் மகன் அந்த முழுத் தூரத்தையும் தூக்கச் சொல்லாமல் நடக்கிறான். அடுத்த நாடு எப்போது வரும் என்ற ஆர்வம் அவனை நடக்க வைக்கிறது. வேறெந்த மாலிலும் இது நடந்ததில்லை.

இந்திய மண்டபத்தில் ஒரு யானைக் கடிகாரம் நிற்கிறது. அல் ஜஸரி என்ற பொறியாளர் 1206இல் எழுதி முடித்த நூலில் விவரித்த கடிகாரத்தின் பெரிய மாதிரி அது. யானை இந்தியாவுக்கு, வளைந்து தொங்கும் பாம்பு வடிவ டிராகன்கள் சீனத்துக்கு, உள்ளே ஓடும் நீர்ப்பொறியின் நுட்பம் கிரேக்கத்துக்கு, உச்சியில் இருக்கும் பறவை எகிப்துக்கு என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். யானை வயிற்றுக்குள் இருக்கும் தொட்டியில் ஓட்டையுள்ள ஒரு கிண்ணம் மெல்ல மெல்ல நிரம்பி மூழ்கும். அது மூழ்க அரை மணி நேரம். மூழ்கும்போது கயிற்றை இழுக்க, மேலிருந்து ஓர் உருண்டை விழ, பாம்பு தலைசாய, பாகன் முரசைத் தட்டுவான். நான் இதை மகளுக்கு விளக்கிய அன்று இரவு, அவள் குளியலறை வாளியில் அடியில் துளையிட்ட தயிர் டப்பாவை மிதக்கவிட்டு, அது எத்தனை நிமிடத்தில் மூழ்குகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள். துளை பெரிது, நான்கு நிமிடத்தில் மூழ்கிவிட்டது. மறுநாள் சிறிய துளையோடு இன்னொரு டப்பா.

அந்தப் பயணியின் கதையைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல நமக்குத் தனி உரிமை இருக்கிறது. 1304இல் மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில் பிறந்து, 1325இல் இருபத்தொரு வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பியவர். தில்லியில் முகமது பின் துக்ளக்கிடம் நீதிபதியாக இருந்தார். சீனத்துக்குத் தூதராகப் புறப்பட்டபோது கள்ளிக்கோட்டைக் கடலில் புயல் வந்து கப்பல் உடைந்தது. அவர் அப்போது கரையில் இருந்ததால் தப்பினார். பிறகு மாலத்தீவு, இலங்கை என்று சுற்றி, 1340களில் மதுரைக்கும் வந்தார். அப்போது அங்கே சுல்தான் கியாசுதீன் ஆட்சி. சுல்தானின் மனைவியும் இவருடைய மனைவிகளில் ஒருவரும் உடன்பிறந்தவர்கள். ஊரில் கொள்ளைநோய். இவருக்கும் கடும் காய்ச்சல். அங்கே தாராளமாகக் கிடைத்த புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பிழைத்ததாக அவரே தம் பயண நூலில் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டதும் மகன் கேட்டான்:

“அம்மா, அவர் நம் வீட்டு ரசம் குடித்தாரா?”

கிட்டத்தட்ட அதுதான் என்றேன். அன்றிலிருந்து அவனுக்கு அந்த மாலின் பெயர் ‘ரசத் தாத்தா மால்’.

அயலூரில் வளரும் பிள்ளைக்குத் தன் ஊர் தொலைவில் எங்கோ இருக்கும் ஒன்று. ஆண்டுக்கு ஒரு மாதம் போய்வரும் இடம். அவன் இப்போது நிற்கும் இந்த ஊரின் ஒரு கட்டடத்துக்குள்ளேயே, தன் பாட்டியின் ஊரான மதுரையோடு முடிச்சுப் போட்ட ஒரு கதை கிடைக்கும்போது அவன் முகம் மாறுகிறது. கடைகளைப் பொறுத்தவரை மற்ற இரண்டையும்விட இந்த மால் எளிமையானதுதான். புதுத் துணியோ கைபேசியோ வாங்க நான் இங்கே வரச் சொல்லமாட்டேன். காலை பத்தரை மணிக்குள் போய்விட்டால் நடைபாதைகள் விசாலமாக இருக்கும், பிள்ளைகள் கொஞ்சம் முன்னால் ஓடினாலும் கண்ணுக்குள் இருப்பார்கள்.

தேரா சிட்டி சென்டருக்குச் சாமான் வாங்கத்தான் போகிறோம். 1995 முதல் இருக்கும் மால், மெட்ரோ நிலையத்தோடு இணைந்தது, உள்ளே பெரிய காரஃபோர் பேரங்காடி. பட்டியலை மகளிடம் கொடுத்துவிடுகிறேன். விலையைப் படித்து, இரண்டு பொட்டலங்களில் எது லாபம் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அங்கே நிற்க வேண்டாம். பிள்ளைகளின் பொறுமை அதற்குள் தீர்ந்துவிடும்.

போகும் வழியும் இந்த முடிவில் ஒரு பங்கு. எங்களிடம் கார் இருக்கிறது. நான்கு வயது வரை பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயம் என்பது சட்டம், அதை எப்போதும் கடைப்பிடிக்க வேண்டும். ஆனாலும் மால் நாட்களில் மெட்ரோவைத்தான் விரும்புகிறேன். முன்பக்கக் கண்ணாடியருகே இடம் கிடைத்துவிட்டால், ஓட்டுநர் இல்லாத அந்த ரயிலை என் மகன்தான் ஓட்டுகிறான். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான தனிப் பகுதி உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. பயணக் கட்டணம் செலுத்தும் வெள்ளி நோல் அட்டையில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரு முறைக்கு 7.50 திர்ஹமுக்கு மேல் ஆகாது. ரயிலுக்குள் சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ கூடாது. அபராதம் 100 திர்ஹம். அதனால் ஏறுவதற்கு முன்பே தண்ணீர் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ரயில் காலை எட்டு மணிக்குத்தான் தொடங்கும்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, ஒரு மாலில், கூட்டமான ஒரு சாயங்காலத்தில், என் கையை விட்டு நழுவிவிட்டாள். எட்டு நிமிடம். எந்த மால் என்பது முக்கியமில்லை, எங்கேயும் நடக்கலாம். எஸ்கலேட்டரின் மேல்முனையில் நின்று அவள் பெயரைக் கூப்பிட்ட என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஒரு பிலிப்பினோ தாய் அவளைத் தன் பிள்ளையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு காவலரிடம் நின்றிருந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சில வழக்கங்கள் உண்டு. கிளம்பும்போது பிள்ளைகளைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வேன், அன்றைய உடுப்பின் நிறம் பதற்றத்தில் மறந்துபோகும் என்பதால். மணிக்கட்டில் பட்டையில் என் எண். காணாமல் போனால் தேடி ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், சீருடை போட்டவரிடமோ குழந்தையோடு இருக்கும் ஓர் அம்மாவிடமோ சொல்ல வேண்டும் என்று இருவருக்கும் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். தள்ளுவண்டியோடு எஸ்கலேட்டரில் ஏறுவதே இல்லை. லிஃப்டுக்குப் பத்து நிமிடம் காத்திருந்தாலும் பரவாயில்லை. கூட்டம் எவ்வளவு என்பதை, எந்த மால் என்று தேர்ந்தெடுக்கும்போதே நான் முதல் காரணமாக வைப்பது அந்த எட்டு நிமிடத்தால்தான்.

ஆக, கைக்குழந்தையோ மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையோ மட்டும் இருந்தால் துபாய் மாலின் மீன் தொட்டிக்குப் போங்கள், ஆனால் வார நாளில், காலையில், தள்ளுவண்டியோடு. நான்கு முதல் பத்து வயது வரை இருந்தால் யோசிக்காமல் இபின் பதூதா. பதின்ம வயதுப் பிள்ளைகள் அங்கே சலிப்படையலாம். அவர்களுக்குப் பனியும், நண்பர்களோடு திரைப்படமும் போதும், மால் ஆஃப் தி எமிரேட்ஸ் அதற்குப் பொருந்தும். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்திருந்தால் துபாய் மாலை ஒருமுறை காட்டத்தான் வேண்டும், ஆனால் உட்கார நாற்காலி கிடைக்கும் நேரம் பார்த்துப் போங்கள். மால் என்ற சொல்லே அலுத்துவிட்ட வாரத்தில், 2022இல் ஜதாஃபில் திறந்த, விரித்த புத்தகத்தைத் தாங்கும் பலகை வடிவிலான முகமது பின் ராஷித் நூலகத்துக்கு மகளை அழைத்துப் போகிறேன். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

வரும் சனிக்கிழமை மீண்டும் ரசத் தாத்தா மால். இந்த முறை சீன மண்டபத்திலிருந்து தொடங்கி நாடுகளைத் தலைகீழாக நடப்பது என்று பிள்ளைகள் தீர்மானித்திருக்கிறார்கள். மகனுக்கு அடுத்த மாதம் ஐந்து வயது முடிகிறது. அவன் பெயரில் ஒரு நோல் அட்டை வாங்க வேண்டும். தானே தட்டி உள்ளே போவதற்காக இப்போதே சமையலறைக் கதவில் பழகிக்கொண்டிருக்கிறான்.